வரிசையின் முதல் குடம்

ராக்கு செத்த பதினாறாம் நாள் தாழங்குறிச்சிக்குத் தண்ணீர் லாரி வந்தபோது, ரேஷன் கடைக்கு முன்னால் நீண்டு கிடந்த குட வரிசையின் தலையில் அவளுடைய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. போலீஸ் ஜீப் ஏறி நசுங்கி, ரேஷன் கடைக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாகக் கிடந்த அதே குடம்தான், இப்போது ஒடுக்கு நீங்கி, கழுவித் துடைத்தது போல உட்கார்ந்திருந்தது. அடையாளத்துக்காக அவள் குடத்தின் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துணிக் கிழிசல்கூட அப்படியே இருந்தது. அதற்கு அடுத்ததாக இருந்தது பூச்செண்டின் குடம். பூச்செண்டு அதைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், "வெயிலு இன்னிக்கும் கூடத்தான்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். வேறென்ன சொல்வாள்?

தாழங்குறிச்சியில் இரண்டு தெருவுக்கும் ஒரே வரிசை என்பது அதற்கு முன்பு கிடையாது. மேலத்தெருவுக்கு ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி. கீழத்தெருவுக்கு ஒரு அடிபம்பு. அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு ஓடை, அந்த ஓடையைத் தாண்டித் தண்ணீருக்கு வந்தவர்களும் இல்லை, வரவிட்டவர்களும் இல்லை. நான்கு வருஷம் வானம் கண் திறக்கவில்லை, ஐந்தாம் வருஷம் மூன்று மாதத்து மழையும் ஒரே பகலில் கொட்டிக் கண்மாய்க் கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது, ஆறாம் வருஷம் மறுபடியும் பொட்டல். முதலில் கீழத்தெரு அடிபம்பு காற்றைத் துப்பியது, மேலத்தெரு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கோடை கழித்து மேலத்தெரு போரில் உப்பு ஏறியது, அன்றைக்குத்தான் ஊரில் வறட்சி வந்துவிட்டதாகக் கலெக்டர் ஆபீசுக்கு மனு போனது.

மனுவுக்குக் கிடைத்தது நாலு நாளைக்கு ஒரு லாரி, இரண்டு தெருவுக்கும் சேர்த்து. அந்த லாரி எங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஊருக்கு மேற்கே ஊராட்சித் தலைவரின் மைத்துனர் தோப்பில் ஒன்பது போர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது, தாழங்குறிச்சியின் அடிவயிற்றிலிருந்து உறிஞ்சிப் பாட்டில் கம்பெனிக்கு அனுப்பியது போக மிச்சத்தைத்தான் தாழங்குறிச்சிக்கு லாரியில் தானம் பண்ணினார்கள். அந்தத் தோப்பு வேலியை ஊரில் ஒருத்தரும் முறைத்துக்கூடப் பார்த்ததில்லை. கோபமெல்லாம் வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிறவர் மேலேயே வந்தது, அதுவும் முன்னால் நிற்பது கீழத்தெரு ஆளாக இருந்தால் அந்தக் கோபத்துக்கு ஒரு கௌரவமும் வந்து சேர்ந்துகொண்டது.

வரிசைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, எந்தக் கவர்மென்டும் போடாத சட்டம்: குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. விடியற்காலையில் குடத்தை வைத்துவிட்டு நூறுநாள் வேலைக்குப் போகலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம், குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை, ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டும் போகலாம். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும். அடுத்தவன் வரப்பை அரையடி வெட்டித் தின்கிற ஆட்கள்கூட அடுத்தவன் குடத்தைத் தொட்டதில்லை. அந்தச் சட்டத்தை முதன்முதலில் உடைத்தவள் மேலத்தெருப் பூச்செண்டு. அன்றைக்குக் கீழத்தெரு ராக்கு விடியும் முன்பே வந்து முதலிடத்தில் குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு லாரி வளைவில் ஹாரன் அடித்ததும் வேப்பமர நிழலில் இருந்த அத்தனை பேரும் அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்த அந்த அரை நிமிஷத்தில், பூச்செண்டு ராக்குவின் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாற்பதாவது இடத்தில் வைத்துவிட்டு வந்து, தன் குடத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டாள். அதைப் பார்த்தது பின்னாலிருந்து பைக்கில் வந்த அவள் தம்பி கதிரேசன் மட்டும்தான்.

ராக்கு வந்தாள், பார்த்தாள், தன் குடத்தைத் தேடி எடுத்தாள், வரிசையின் தலைக்குக் கொண்டுவந்து வைத்தாள். "இது என் எடமுங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. எதிர்த்துப் பேசுகிறாயா என்று யாரோ கத்த, கதிரேசன் லாரி டிரைவர் அந்தோணியின் கையிலிருந்த வால்வு லீவரைப் பிடுங்கி ஒரே அடியாக அவள் தலையில் அடித்தான். அதற்கப்புறம் ஓடையைத் தாண்டி ஓடினார்கள், மண்ணெண்ணெயோடு ஓடினார்கள், கீழத்தெருவில் பதினோரு வீடு எரிந்தது. எரிகிற வீட்டுக்கு நூறடியில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் டேங்கருக்குள் நின்றது, அதன் வால்வைத் திறக்க ஒரு கை இல்லை. சாயங்காலம் நெருப்பு தானாக அடங்கிய பிறகு, அதே தண்ணீரை மேலத்தெருவார் வரிசையாக வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பூச்செண்டும் பிடித்தாள்.

போலீஸ் விசாரித்தது. வரிசையில் நின்ற எழுபது பேரும், ராக்குவுக்குத் தூரத்துச் சொந்தமான மூன்று பேர் உட்பட, ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நான் என் குடத்துக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தேன்." வெறுங்குடத்துக்குள் அப்படி என்னதான் தெரிந்ததோ! அந்தோணி பானெட்டுக்குள் தலையை விட்டிருந்ததாகச் சொன்னான். ஆகவே ராக்கு வெயில் தாக்கி மயங்கி விழுந்து லாரிப் படியில் தலை மோதி இறந்தாள் என்றும், கூரைகள் கடும் வெப்பத்தில் தாமாகத் தீப்பற்றின என்றும் காகிதத்தில் ஏறியது. சூரியன் மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாருங்கள். அதுதான் எல்லோருக்கும் வசதி.

பதினாறாம் நாளுக்கு வருவோம். அந்தோணி ராக்குவின் குடத்தைத் தாண்டி வழக்கம்போல ஹோஸைப் பூச்செண்டின் குடத்தில் வைத்தான், ஒரு சொட்டு வரவில்லை. மூன்றாவது குடத்தில் வைத்தான், வரவில்லை. கை தவறி ஹோஸ் ராக்குவின் குடத்து வாயில் விழுந்தது, தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. சரி, அது நிரம்பட்டும் என்று காத்திருந்தார்கள். பன்னிரண்டாயிரம் லிட்டரும் போனது. எட்டிப் பார்த்தால் குடத்தின் அடி ஈரம்கூட ஆகவில்லை. நாலு பேர் சேர்ந்து குடத்தைத் தூக்கினார்கள், அசையவில்லை. டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. தலைவர் தன் செலவில் ஜேசிபி கொண்டுவந்தார், ஜேசிபியின் பல் ஒன்று உடைந்தது. குடத்தில் ஒரு கீறல் இல்லை.

ஒரு வாரம் அதிசயமாகப் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது. நாலு நாளைக்கு ஒரு தரம் லாரி வரும், அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டு ஹோஸை அந்தக் குடத்தில் வைப்பான், டேங்கர் காலியாகிற வரைக்கும் பீடி குடிப்பான், 'தண்ணீர் விநியோகிக்கப்பட்டது' என்று எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். பெண்கள் அப்போதும் விடியலிலேயே வந்து பின்னால் குடம் வைத்தார்கள், யார் முன்னே யார் பின்னே என்று சண்டைகூடப் போட்டார்கள். வசதி உள்ளவர்கள் கேன் வாங்கினார்கள், மற்றவர்கள் ஏழு கிலோமீட்டர் நடந்து ஓர் உவர் ஊற்றில் ஊறுகிறதைச் சிரட்டையால் மொண்டு வந்தார்கள். ஒரே ஊற்று, இரண்டு தெருவும் அங்கேதான், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மொண்டார்கள். பூச்செண்டின் உதடு வெடித்தது, பேசினால் ரத்தம் கசிந்தது. அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அதற்குக் காரணம் உதடு மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு மேலத்தெருவுக்கு ஒரு யோசனை வந்தது, நம் ஆட்களுக்குத்தான் வரும் யோசனை: தாங்களே அடித்துக் கொன்ற பெண்ணைக் கும்பிட்டுவிட்டால் சரியாகிவிடும். குடத்துக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், வேப்பிலை கட்டினார்கள், நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டார்கள், ராக்கம்மனுக்கு வைகாசியில் பொங்கல் என்று தலைவரே அறிவித்தார். கண்மூடிக் கும்பிட்டவர்களில் கதிரேசனும் இருந்தான், நெற்றி நிறையத் திருநீறு. ராக்குவின் புருஷன் பெரியகருப்பன் ஓடையைத் தாண்டி வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குடத்தில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தான்.

"அவ சாமி இல்ல. தண்ணி புடிக்க வந்தவ" என்றான். "உசுரோட இருந்தப்ப அவ நெழலு பட்டாத் தீட்டுன்னீங்க. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கும்புடுறீங்க?"

பந்தல் அடுத்த காற்றில் தானாக விழுந்தது.

இனி தாசில்தார் வராமல் இருப்பாரா? பள்ளிக்கூடத்தில் ஃபேனுக்குக் கீழே சமாதானக் கூட்டம் போட்டார். கூடவே பட்டணத்திலிருந்து பருவநிலையை ஆராய்ச்சி செய்கிற ஒரு பேராசிரியரையும் அழைத்து வந்திருந்தார். நல்ல மனிதர்தான், வியர்வையைத் துடைத்தபடி திரையில் ஒரு கோட்டைக் காட்டினார்: பூமியின் சூடு ஏறுகிறது, சூடு ஏறுகிற இடத்தில் மனிதர்களுக்குள் மோதலும் ஏறுகிறது, உங்களைப் போன்ற ஏழை ஊர்கள்தான் இதில் முதலில் அடிபடுகின்றன. அவர் சொன்னதில் ஒரு வரி பொய் இல்லை, அதுதான் கொடுமை. அந்த உண்மையை வாங்கி இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தாசில்தார் காத்திருந்தார். "பாத்தீங்களா? யாரையும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாம் இயற்கை" என்று சொல்லி, ராக்கு வெயிலால் இறந்ததாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட ஒரு காகிதத்தைப் பெரியகருப்பன் பக்கம் நகர்த்தினார்.

பெரியகருப்பன் காகிதத்தைத் தொடவில்லை. "சார், வெயிலடிச்சாக் கோவம் வரும், சரிதான். எங்களுக்கும் அந்த வெயிலுதான அடிச்சுச்சு? எங்க தெருவுல பதினோரு வீடு எரிஞ்சுச்சே, மேலத்தெருவுல ஒரு ஓலை கருகலையே, அது எப்பிடி சார்? எது எந்தத் தெருன்னு வெயிலுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

பேராசிரியர் திரையில் இருந்த கோட்டை அணைத்தார். தாசில்தார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"அவ குடத்த யாரு நவுத்துனது, அவள யாரு அடிச்சது. ரெண்டையும் சொல்லச் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே நடந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூச்செண்டுக்கு அந்த இரண்டு கேள்வியும் தன் வீட்டு வாசலில் வந்து நின்றது போல இருந்தது. ஒன்றுக்குப் பதில் அவள் தம்பி. ஆத்தா செத்த பிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். இன்னொன்றுக்குப் பதில் அவளேதான்.

முப்பத்தாறாம் நாள் லாரி வந்தது. சித்திரை முடிந்தும் வெயில் முடியவில்லை, வரிசையில் இரண்டு பேர் ஏற்கனவே மயங்கி விழுந்திருந்தார்கள், கைக்குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. அந்தோணி ஹோஸை வைத்தான், பொறுமை போய்க் குடத்தைப் பார்த்துக் கத்தினான்: "இன்னும் என்ன தாயி வேணும் ஒனக்கு? என் கையில இருந்த லீவரப் புடுங்கித்தான் அடிச்சான், நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், பயந்துகிட்டு பானெட்டத் தூக்குனேன், போதுமா?"

குடத்துக்குள் தண்ணீர் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தார்கள். அடியில் நாலு விரற்கடை தண்ணீர் நின்றது.

முதலில் புரிந்துகொண்டவள் கீழத்தெருவிலிருந்து வந்த ராக்குவின் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி. அவள் குடத்தண்டை வந்து, ராக்கு விழுந்ததைப் பார்த்தேன், தூக்கப் போனால் என்னையும் அடிப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன் என்றாள். தண்ணீர் ஒரு நூல் ஏறியது. அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது, மனசாட்சி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், தாகம்தான் நகர்த்தியது: ஒருத்தி, 'போடுடா' என்று கத்தியது என் குரல்தான் என்றாள், ஒருவன், மண்ணெண்ணெய் என் கடையிலிருந்துதான் போனது என்றான், ஒருவன், நான் கொளுத்தியது மூன்றாவது வீடு, உள்ளே தொட்டிலில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்காமல்தான் கொளுத்தினேன் என்று சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான், ரேஷன் கடைக்காரர், கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டேன், கீழத்தெருப் பெண்கள் தட்டினார்கள், திறக்கவில்லை என்றார், ஓர் ஆள், டேங்கர் வால்வைத் திறக்கப்போன பையனைக் கையைப் பிடித்து இழுத்தவன் நான் என்றான், தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, எழுபது பேர் பார்க்காததெல்லாம் குடத்துக்குள் அலையடித்தது. ஆனால் அடித்தவன் பெயரைச் சொல்ல வரும்போது எல்லோரும் பூச்செண்டைப் பார்த்தார்கள். கதிரேசன் பைக்கில் சாய்ந்தபடி தள்ளி நின்றான்.

"அக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"என் தம்பி கதிரேசன்தான் அடிச்சான்" என்றாள் பூச்செண்டு. வெடித்த உதட்டிலிருந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. கூட்டத்தில் சில பெண்கள் அழுதார்கள், உடன்பிறந்தவனையே காட்டிக்கொடுத்த உத்தமி என்று யாரோ சொன்னார்கள். தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு ஏறி, வாய்க்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது.

டேங்கரிலிருந்து கொட்டிக்கொண்டேதான் இருந்தது, அந்த ஒரு விரற்கடை மட்டும் ஏறவில்லை. இன்னும் யார் பாக்கி என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், பாக்கி யாரும் இல்லை. தலைவர், "அதான் ஆளு தெரிஞ்சுபோச்சுல்ல, எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்கப்பா" என்றார். அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கதிரேசனுக்கு அந்த விரற்கடை எதற்கு என்று தெரியும். அவன் அக்காவைப் பார்த்தான், அவள் சற்றுமுன்தான் அவன் பெயரைச் சொல்லியிருந்தாள், இப்போது அவன் ஒரு வார்த்தை சொல்லிப் பழிதீர்த்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனான், அன்று மாலையே திருப்பூர் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. அவன் காட்டிக்கொடுத்திருந்தால் பூச்செண்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் குனிந்து குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடத்த நவுத்துனது நான்தான். கழுத்தப் புடிச்சுத் தூக்கி நாப்பதாவது எடத்துல வச்சேன். கீழத்தெருக்காரி குடத்துக்குப் பின்னாடி எங்குடம் நிக்கிறதான்னு இருந்துச்சு. கருப்பண்ணே, தாகத்துல செஞ்சேன்னு நெனச்சுக்கிறாதீக." ஊரில் யாரும் அவள் பெரியகருப்பனை அண்ணே என்று சொல்லிக் கேட்டதில்லை. "தாகமெல்லாம் இல்ல. எங்க வீட்டுல அன்னிக்கு ரெண்டு குடம் தண்ணி இருந்துச்சு. நெறஞ்ச குடம்."

குடம் நிரம்பி வழிந்தது. பெரியகருப்பன் வந்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். சாதாரணக் குடம், சாதாரணக் கனம். தாசில்தார் அனுப்பி வந்து மரத்தடியில் ஜீப்பில் இருந்த வருவாய் ஆய்வாளரிடம் போய், "எல்லாரும் சொல்லிட்டாங்க சார். எழுதிக்கங்க" என்றான்.

"அறிக்கை எப்பவோ மேல போயிருச்சுப்பா. இப்ப வாய்ல சொல்றதை வச்சு அதைத் திருத்த முடியுமா?" என்றார் அவர், ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்தக் குடம் எடுபட்டதும் ஹோஸ் மற்றக் குடங்களிலும் கொட்டியது, அன்றைக்கு ஊரே வயிறாரத் தண்ணீர் குடித்தது. நாலு நாள் கழித்து லாரி வந்தபோது, பெரியகருப்பன் வீட்டு அடுப்படியில் இருந்த குடம் வரிசையின் தலையில் காலியாக உட்கார்ந்திருந்தது. மேலத்தெருவார் முனகினார்கள், ஒருதரம் சொன்னது போதாதா என்றார்கள், தலைவரிடம் முறையிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் தாங்கினார்கள். பிறகு அந்தோணி ஆரம்பித்தான், லீவர் என் கையில் இருந்தது என்று.

காகிதத்தில் இன்றைக்கும் வெயில்தான் குற்றவாளி. தோப்பில் ஒன்பது போர் இப்போது பன்னிரண்டாகிவிட்டது. தாழங்குறிச்சியில் நாலு நாளைக்கு ஒரு தரம், ரேஷன் கடைக்கு முன்னால், ஓடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி எழுபது பேர் தாங்கள் பார்த்ததையும் செய்ததையும் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் வாசல் தெளிக்கும் முன்பே இதைத்தான் முதலில் தெரிந்துகொள்கிறார்கள். எல்லோரும் சொல்லி முடித்துத் தண்ணீர் கழுத்தில் வந்து நிற்கும்போது கூட்டம் விலகி வழிவிடுகிறது. பூச்செண்டு முன்னால் வந்து, ஊர் முழுக்கக் காத்திருக்க, எங்க வீட்டுல அன்னிக்கு ரெண்டு குடம் தண்ணி இருந்துச்சு என்று சத்தமாகச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் தாழங்குறிச்சியில் யார் வீட்டிலும் உலை வைக்கத் தண்ணீர்.